வாசகர் கேள்வி: பரணில் கிடக்கும் ஓலைக்கட்டும் பல்கலைக்கழக ஆவணத் தொகுப்பும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே குமரி மாவட்டத்திலிருந்து. வீட்டிலும் கோயிலிலும் கிறிஸ்தவச் சபையிலும் கிடக்கும் பழைய ஓலை, பிரமாணம் (சொத்துப் பத்திரம்), படம், ஒலிநாடா ஆகியவற்றைப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணத் தொகுப்பில் சேர்த்து, ஊர் வரலாற்றை எல்லோரும் படிக்கும்படி செய்வது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நூலகவியலும் ஆவணப் பாதுகாப்பும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

*எங்கள் தறவாட்டு (பூர்வீக வீட்டு) பரணில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே நான்கு ஓலைக்கட்டு, நூற்றுக்கு மேல் பிரமாணங்கள், கணக்கு நோட்டுகள். பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க நினைக்கிறோம். அதற்கு முன்னால் துடைத்து, எண்ணெய் தடவி, ஆண்டு வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்துவிடட்டுமா?*
*(வாசகர், தேரூர்)*

பிரித்து அடுக்குவதும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

முதலில் அடுக்கு. ஒரு ஒற்றிப் பிரமாணமும், ஒரு வரி ரசீதும், ஒரு மனுவின் நகலும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்தால், மூன்றும் ஒரே வழக்கின் காகிதங்களாக இருக்கலாம். கட்டி வைத்தவருக்குக் காரணம் தெரியும். நீங்கள் அவற்றை ஆண்டு வாரியாகப் பிரித்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளை எண்ணிப் பாருங்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படியெடுத்த அந்த ஓலைகள் இன்று நாஞ்சில்நாட்டு வரலாற்றுக்கு முதன்மையான ஆதாரம். ஒரே வீட்டில், ஒரே தொகுதியாக இருந்ததால்தான் ஒரு ஓலையை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை படம் எடுப்பது. திறந்தபடி ஒரு படம், ஒவ்வொரு அடுக்கை எடுக்கும்போதும் ஒரு படம். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வெள்ளைக் காகிதச் சீட்டில் எண்ணைப் பென்சிலால் எழுதிக் கட்டோடு வையுங்கள். பால்பாயிண்ட் பேனா, மார்க்கர், ஸ்டிக்கர் எதுவும் ஆவணத்தின் பக்கம் வரக்கூடாது. கட்டின் முடிச்சையும் படம் எடுங்கள். கயிறு இற்றுப்போய் அறுந்தால், அறுந்த கயிற்றையும் ஓர் உறையில் போட்டு அதே எண்ணை எழுதி வைக்க வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு உலர்ந்த மெல்லிய தூரிகை மட்டும் போதும். ஒரு அங்குல அகலம் சரியாக இருக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். முகக்கவசம் கட்டாயம், ஏனென்றால் பழைய காகிதத் தூசியில் பூஞ்சை விதைகள் இருக்கும். பூஞ்சை ஈரமாகப் பஞ்சுபோல் இருந்தால் தூரிகையை வைக்காதீர்கள், அது பரவும். நிழலில் காற்றோட்டமாக உலரவிட்டு, பொடியான பிறகுதான் தட்ட வேண்டும். வெயிலில் காயப் போட்டால் ஓலை வளைந்து பிளக்கும், காகிதம் பழுப்பாகும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே அரிது. இந்த வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை.

கைகளைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறையும், காகித ஓரம் மாட்டிக் கிழியும். புகைப்படங்களுக்கு மட்டும் பவுடர் பூசாத நைட்ரைல் கையுறை நல்லது.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக்கூடாது. அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, காகிதத்தை அதிலிருந்து மெல்ல நழுவவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தி கொண்டு பிரிக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். சுவடிப் பாதுகாவலர்கள் எலுமிச்சைப்புல் தைலத்தை ஓலைக்குப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அழுக்கை முழுதும் நீக்கி, எழுத்தில் ஏற்றிய மை கரைகிறதா என்று ஓர் ஓரத்தில் சோதித்த பிறகு, மிகக் குறைவாகத்தான் பூசுவார்கள். வீட்டில் தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவினால் தூசி அதில் படிந்து, ஓலைகள் ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டிக் கறுத்துவிடும். எழுத்து தெரியவில்லை என்று கரியும் இலைச்சாறும் கலந்து மையாடுவதும் இப்போது வேண்டாம்.

இராமபாணப் பூச்சி அரித்த கணக்கு நோட்டுகளுக்கு ஒரு வழி உண்டு. பாலித்தீன் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, மேலே இன்னோர் உறையும் போட்டு, உறைபெட்டியில் மைனஸ் 18 முதல் மைனஸ் 20 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் முழுதும் அறை வெப்பத்தில் விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த காகிதத்தில் நீர் பனித்து இறங்கும். ஓலைக்கும் புகைப்படத்துக்கும் இதை வீட்டில் செய்யாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: பெட்டி யாருடையது, எந்த வீட்டில் எங்கே இருந்தது, அந்த வீட்டார் என்ன பொறுப்பு வகித்தார்கள், இதைச் சொன்னவர் யார். நூலகத்தார் முதலில் கேட்பது அதைத்தான்.

*பிரமாணத்தில் இருக்கும் கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வருமாமே? சில இடங்களில் ஒரு வருடம் பிசகுகிறது. சக்கரம், பணம் என்ற கணக்கும் விளங்கவில்லை.*
*(வாசகி, வடசேரி)*

ஆண்டின் ஒரு பகுதிக்கு 825, மீதிக்கு 824. கொல்லம் ஆண்டு என்பது நம் மாவட்டம் முன்பு சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுமுறை. அது இங்கே ஆவணி 1-ல் பிறக்கிறது, அதாவது ஆகஸ்ட் நடுவில். ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் 31 வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் ஆடி முடிய 825. மார்கழிதான் தொல்லை. அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால், மார்கழியின் முதல் பாதிக்கு 824, பின்பாதிக்கு 825.

சரிபார்க்க இரண்டு நாட்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் 27. துலாம் என்பது நம் ஐப்பசி. 824 கூட்டினால் 1936, அந்த நாள் நவம்பர் 12. தோள்சீலைப் பிரகடனம் 1859 ஜூலை 26. அது ஆடி மாதம், 1034-ஆம் ஆண்டு, 825 கூட்டினால் சரியாக வரும்.

மலையாளத்தில் எழுதிய பிரமாணங்களில் மாதப் பெயர் ராசிப் பெயராக இருக்கும். சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. ஆயிரத்தை விட்டுவிட்டு வெறும் இரண்டு இலக்கத்தில் ஆண்டைச் சொல்லும் பழக்கமும் உண்டு. பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பது 1099, அதாவது 1924 ஜூலை வெள்ளம். வீட்டு நோட்டில் ‘95’ என்று கண்டால் அதை ஆங்கில 1895 என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் பலர்.

தமிழ் எண் தெரியாவிட்டால் இன்னொரு பிழை வரும். 1112 என்பதை ௲௱௰௨ என்று எழுதியிருப்பார்கள். கடைசியில் உள்ள ௨ என்பதை ‘உ’ என்று வாசித்துப் பிள்ளையார் சுழி என்று விட்டுவிடுவார்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. இந்த ஐந்து குறிகளும் பழகிவிட்டால் பிரமாணத்தின் முதல் இரண்டு வரி வாசிக்க வரும். ஓலையில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி நிற்கும். தெரிந்த ஊர்ப்பெயர் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்த எழுத்துகளைக் கொண்டு மற்றதை வாசித்துப் பழகுங்கள்.

பணக் கணக்கு: 16 காசு 1 சக்கரம், 4 சக்கரம் 1 பணம், 7 பணம் அல்லது 28 சக்கரம் 1 திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். பிரமாணத்தில் எந்த ரூபாய் என்று எழுதியிருக்கும், அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். கோட்டை, மரக்கால், நாழி போன்ற நெல்லளவுகள் இடத்துக்கு இடம் மாறியவை. அவற்றைக் கிலோவாக்க முயலாமல் உள்ளபடியே எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் ஒரே விதிதான். ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்தில் எழுதி, நீங்கள் மாற்றிக் கணக்கிட்டதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். மூலத்தை அழித்துவிட்டு ஆங்கிலத் தேதியை மட்டும் பட்டியலில் வைத்தால், நீங்கள் செய்த பிழையை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

*பழைய பிரமாணத்தை லேமினேஷன் செய்து கொடுத்தால் நூலகத்தில் எடுத்துக்கொள்வார்களா?*
*(வாசகர், கருங்கல்)*

எடுத்துக்கொள்வார்கள், வருத்தத்தோடு. சூடேற்றி ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். காகிதத்தில் உள்ள அமிலமும் ஈரமும் உள்ளேயே அடைபடும். செலோடேப்பும் அப்படியே, சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கிழிந்ததைக் கிழிந்தபடியே அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். பாச்சை உருண்டையும் பெட்டிக்குள் வேண்டாம், அதன் ஆவி மனிதருக்குக் கெடுதல்.

*எங்கள் கல்லூரி மாணவிகள் நாற்பது பேர் சொந்த ஊர்களில் ஆவணங்களைக் கைப்பேசியில் படமெடுத்துப் பல்கலைக்கழக எண்ணிம (டிஜிட்டல்) தொகுப்புக்கு அனுப்ப விரும்புகிறார்கள். ஸ்கேனர் இல்லை. இது தேறுமா? தரம் எப்படி இருக்க வேண்டும்?*
*(பேராசிரியை, மார்த்தாண்டம்)*

ஏ4 அளவு வரை தேறும். 12 மெகாபிக்சல் கேமராவில் நீளவாட்டில் 4000 பிக்சல் கிடைக்கும். ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். தாள் சட்டத்தை முழுதும் நிறைத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 340 புள்ளி, ஓரம் கொஞ்சம் விட்டால் 300. எழுத்தாவணத்துக்கு 300 போதும். ஏ3 தாள் என்றால் 240-க்கு இறங்கிவிடும். சர்வே வரைபடங்களுக்குக் கைப்பேசி போதாது, புகைப்படங்களுக்கும் 600 புள்ளியில் ஸ்கேன் செய்வதே சரி.

ஜன்னலோரம், நேர்வெயில் படாத வெளிச்சம். பிளாஷ் கூடாது. கைப்பேசி தாளுக்கு நேர் மேலே, இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் மேல்வரி சிறுத்துக் கீழ்வரி பெருக்கும். ஒரு ஸ்டூலின் மேல் இரண்டு மரச்சட்டம் வைத்து அதில் கைப்பேசியைக் கட்டினாலே ஆட்டம் நிற்கும். தாளின் ஓரத்தில் ஒரு அளவுகோலும் எண் சீட்டும் படத்துக்குள் தெரியட்டும். மை ஏற்றாத ஓலை என்றால் வெளிச்சத்தை ஒரு பக்கமாகத் தாழ்த்தி, 30 டிகிரி சாய்வில் விழவிடுங்கள். கீறிய எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, கண்ணுக்குத் தெரியாத வரியும் வாசிக்க வரும்.

பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஸ்கேன் செயலிகள். அவை தாளை வெட்டி, பின்புலத்தை வெளுத்துக் கொடுக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திருவிதாங்கூர் முத்திரைத்தாளின் சங்கு முத்திரையும், நீர்க்குறியும், ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பும் அதில் போய்விடும். சாதாரண கேமராவிலேயே எடுங்கள், வெட்டாதீர்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய நாளும் பதிவு அலுவலகக் குறிப்பும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். இரண்டாவது, வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். மாணவிகள் படத்தை ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பலாம், அல்லது நேரே பென் டிரைவில் கொண்டுவரலாம்.

கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், இடைவெளி வேண்டாம். எண்ணை 0001 என்று நான்கு இலக்கத்தில் தொடங்குங்கள். 1, 2, 3 என்று வைத்தால் கணினி 10-ஐ 2-க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.

ஸ்கேனர் கிடைத்தால் மூலப்பிரதி டிஃப் (TIFF) என்ற பட வடிவில். ஏ4, 300 புள்ளி, முழு வண்ணம் என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 26 எம்பி, 500 பக்கத்துக்கு 13 ஜிபி. இணையத்தில் பார்ப்பதற்கு அதிலிருந்து ஜேபெக் எடுத்தால் போதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு ஊரில். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலைப் பார்த்த மாவட்டத்துக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இத்தனையும் செய்தாலும் பாதி வேலைதான் ஆகியிருக்கும். மீதிப் பாதி விவரக்குறிப்பு. பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் டிஸ்பேஸ் என்ற மென்பொருளையும், டப்ளின் கோர் என்ற 15 புலங்கள் (நிரப்ப வேண்டிய கட்டங்கள்) கொண்ட முறையையும் பயன்படுத்துகின்றன. தலைப்பு, ஆக்கியவர், தேதி, மொழி, பொருள், இடம், உரிமை என்று போகும். அதில் உள்ளூர்க்காரர் மட்டுமே நிரப்பக்கூடிய புலங்கள் உண்டு. ஊர்ப்பெயரைப் பாருங்கள்: குளச்சல், கொளச்சல், நாகர்கோவில், நாகரகோயில். பிரமாணத்தில் ‘பகுதி’ என்று இருப்பது வருவாய்க் கிராமம், ‘மண்டபத்தும்வாதுக்கல்’ என்பது தாலுகா அலுவலகம், ‘பார்வத்தியகாரர்’ கிராம அதிகாரி. இரணியல் ஒரு காலத்தில் தனித் தாலுகா, பிறகுதான் கல்குளத்தோடு சேர்ந்தது. ‘உகந்துடைமை’ என்ற சொல்லைக் கண்டால் அது, சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிக் குடும்பத்தில், சொந்த மக்களுக்குப் போன பங்கு. இந்தச் சொற்களைப் பழைய வழக்கிலும் இன்றைய வழக்கிலும் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை எழுதாவிட்டால், தேடுகிறவர் கையில் அந்த ஆவணம் அகப்படவே அகப்படாது. மொழியும் எழுத்தும் தனித்தனிப் புலங்கள் என்பதையும் மாணவிகளுக்குச் சொல்லுங்கள். தமிழ் மொழியில், வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் எழுதிய ஆவணம் உண்டு.

கையெழுத்தைக் கணினி தானே வாசிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். அச்சிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா வடிவங்களில் அது தடுமாறுகிறது. தட்டச்சு செய்யும்போது யூனிகோட் மட்டும். பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் வராது.

*மூலத்தைக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு உரிமை போய்விடுமா? பின்னால் நிலத்தகராறு வந்தால் என்ன செய்வது?*
*(வாசகர், இரணியல்)*

இன்றைக்கும் உங்கள் கைவசமுள்ள நிலத்துக்கான பிரமாணத்தையும், அதற்கு முன்பிரமாணங்களையும் கொடுக்காதீர்கள். வங்கியும் பதிவு அலுவலகமும் மூலத்தைக் கேட்கும். அவற்றைப் படமெடுக்க மட்டும் அனுமதியுங்கள்.

மற்றவற்றுக்கு மூன்று வழி. முழுக் கொடையாகக் கொடுப்பது, உரிமையை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு ஒப்படைப்பது, படியெடுத்ததும் மூலத்தைத் திரும்ப வாங்குவது. எந்த வழியானாலும் எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். எத்தனை உருப்படி, யார் பார்க்கலாம், இணையத்தில் எப்போது ஏற்றலாம், திரும்பக் கேட்டால் எத்தனை நாளில் தருவார்கள், கொடுத்தவர் பெயரைப் போடலாமா என்பவை அதில் வேண்டும். கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் பங்காளிகளின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் முளைக்கிறது.

கடிதங்கள் தனி. தாளுக்கு நீங்கள் சொந்தக்காரர், ஆனால் கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். எழுதியவர் உயிரோடிருந்தபோதே வெளியான கடிதத்துக்கு, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு அந்த உரிமை நிற்கும். அப்போது வெளியாகாத கடிதத்துக்கு, அது முதலில் வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு.

ஓலைக்கு நல்ல விலை தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 75 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள சுவடியும் ஆவணமும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

*கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ், திருமண அழைப்பு, தேர்தல் துண்டறிக்கை இதெல்லாம் நூலகத்துக்கு வேண்டுமா?*
*(வாசகி, புதுக்கடை)*

மிகவும் வேண்டும். ஒரு நாளுக்கென்று அச்சடித்துத் தூக்கிப்போட்டவைதான் கிடைக்காமல் போகின்றன. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் உங்கள் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் தமிழக இணைப்புப் போராட்டக் காலத்துத் துண்டறிக்கை ஒன்று வீட்டில் இருந்தால் அதற்கு ஈடு இல்லை. மலிவான காகிதம், அமிலம் அதிகம், மடிப்பில் உடையும். விரித்தே வையுங்கள், மறுபடி மடிக்காதீர்கள்.

*எங்களிடம் உள்ள ஓலை ஒன்றில் அடிமைகளை விற்றதாக எழுதியிருக்கிறது. சாதிப் பெயர்களும் இழிவான சொற்களும் உள்ளன. இதை எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாமா? சொற்களை மாற்றிவிடலாமா?*
*(வாசகர், திருவட்டாறு)*

மாற்றக்கூடாது. மறைக்கவும் கூடாது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன் மனிதரை நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்றார்கள் என்பதற்கு இந்த ஓலைகளே சாட்சி. விற்றவரின் சந்ததிக்குச் சங்கடம் என்பதற்காக அதை மறைத்தால், விற்கப்பட்டவரின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடமும் இல்லாமல் போகும். பல ஓலைகளில் அவர்களுடைய பெயர் வருவதே அந்த ஒரு வரியில்தான்.

ஆனால் படியெடுத்த பாடம் வேறு, நூலகம் எழுதும் விவரக்குறிப்பு வேறு. பாடத்தில் உள்ள சொல் உள்ளபடி நிற்கும். விவரக்குறிப்பில் இன்று மரியாதையான சொல்லைப் பயன்படுத்தி, ‘மூலத்தில் அக்கால இழிசொற்கள் உள்ளன’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். விற்கப்பட்டவரின் பெயர் ஓலையில் இருந்தால் அதைப் பெயர்ப் பட்டியலில் கட்டாயம் ஏற்றுங்கள். விற்றவர், வாங்கியவர் பெயர்களை மட்டும் ஏற்றும் பழக்கம் மாற வேண்டும்.

உயிரோடிருப்பவரைப் பற்றிய காகிதங்களுக்கு அளவுகோல் வேறு. மருத்துவக் குறிப்பு, குடும்ப வழக்கு, தத்துப் பத்திரம் ஆகியவற்றை இணையத்தில் ஏற்றாமல், குறித்த காலம் வரை மூடி வைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

*தென் திருவிதாங்கூர் பற்றி ஆய்வு செய்கிறேன். சென்னையில் தேடினேன், 1956-க்கு முந்தையது அதிகம் கிடைக்கவில்லை. எங்கே போவது?*
*(ஆய்வு மாணவர், தக்கலை)*

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முந்தைய அரசு ஆவணங்கள் தலைநகரோடு திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. அங்கே கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக்காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் சுருணை சுருணையாக, அதாவது சுருள் சுருளாக, இருக்கின்றன. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் இருக்கிறது, தமிழ்ச் சுவடிகளும் அங்கே உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் தாலுகா பெயரைத் தேடாமல், திருவிதாங்கூர் ரெசிடெண்டின் (அங்கிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியின்) கடிதப் போக்குவரத்தைக் கேளுங்கள். திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது, நம் மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. அங்கே முந்தைய ஆய்வேடுகளைப் பார்த்தால், யார் வீட்டில் எந்த ஆவணம் இருந்தது என்ற தகவல் அடிக்குறிப்புகளில் கிடைக்கும்.

கிறிஸ்தவ மிஷன் ஆவணங்கள் என்றால் லண்டன். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் வந்ததிலிருந்து மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர் ஊழியர்கள் லண்டன் மிஷனரி சங்கத்துக்கு எழுதியவை லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் உள்ளன. அட்டவணையில் ‘தென்னிந்தியா’வும் ‘திருவிதாங்கூர்’உம் தனித்தனித் தலைப்புகள், இரண்டையும் பாருங்கள். ஊர்ப்பெயர்கள் அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும், அதற்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு தேடுங்கள்.

போகும்போது வழிகாட்டியின் கடிதம், அடையாள அட்டை, பென்சில். ‘குமரி வரலாறு வேண்டும்’ என்று கேட்டால் எந்தக் காப்பகத்திலும் ஒன்றும் வராது. ‘கொல்லம் 1030 முதல் 1040 வரை, இரணியல் மண்டபத்தும்வாதுக்கல், நிலவரி’ என்று ஆண்டு, அலுவலகம், பொருள் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். திருவனந்தபுரம் என்றால் மலையாள எழுத்து வாசிக்கக் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

*எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு 30 கேசட்டில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க எப்படி மாற்றுவது?*
*(வாசகர், தோவாளை)*

முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. நாடாவின் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டவே வேண்டாம், மற்ற கேசட்டுக்கும் தொற்றும். நல்லவற்றை ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுப் பிறகு பதிவுக்கு வையுங்கள். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, அதை வேகமாகச் சுற்றினால் அறும். பிளேயரின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் நான்கைந்து கேசட்டுக்கு ஒரு முறை துடைக்க வேண்டும். ஒலி மங்கினால் பெரும்பாலும் காரணம் அங்கேதான்.

பதிவு வேவ் (WAV) என்ற ஒலி வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப்பிரதியில் கைவைக்காதீர்கள். வெடிச் சத்தமும் குரவையும் அந்த இரவின் பகுதிதான். தெளிவாக்கிய பிரதி வேண்டுமானால் தனியாகச் செய்யலாம்.

ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியவை: எந்தக் கோயில், கொடையின் எந்த நாள், எந்தக் கதை, அண்ணாவி (தலைமைப் பாடகர்) யார், வலத்தே பாடியவர் யார், இடத்தே யார், உடுக்கையும் குடமும் அடித்தவர் யார். ஏட்டைப் பார்த்துப் பாடினாரா என்பதையும் கேளுங்கள். அந்த ஏடு எங்காவது இருந்தால், பாட்டும் ஏடும் ஒரே தொகுப்பில் சேர வேண்டும்.

பாடியவர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு, அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சாமி வந்து ஆடும் நேரத்துப் பகுதியைப் பொதுவில் வைப்பதைச் சில கோயிலார் விரும்ப மாட்டார்கள். அதை நூலகத்துக்குள் மட்டும் கேட்கும்படி வைக்க வழியிருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*பள்ளியில் மாவட்டம் உருவான நாளையொட்டி நூலகத் தொகுப்பிலிருந்து ஒரு கண்காட்சி வைக்க ஆசை. மூல ஆவணங்களைக் கேட்கலாமா?*
*(ஆசிரியர், குளச்சல்)*

மூலம் வேண்டாம், நல்ல அச்சுப்படி கேளுங்கள். மூலத்தைக் காட்டுவதென்றால் வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்குள் இருக்க வேண்டும், அது பள்ளிக் கூடத்தில் நடக்காது. அச்சுப்படி என்றால் ஏ3 அளவில் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டலாம், பிள்ளைகள் தொட்டும் பார்க்கலாம். ஒரு ஆவணத்துக்குப் பக்கத்தில் அதே பாடத்தைத் தட்டச்சில், அதன் கீழே நாலே வரி விளக்கம். இருபது உருப்படி போதும்.

பெயர் தெரியாத படங்களுக்கு என்று ஒரு மேசை போடுங்கள். கரைமடி இழுக்கும் படம், பழைய சந்தை, சபைக் கூட்டம் என்று எதுவானாலும், அச்சுப்படியின் மேல் ஒரு வெள்ளை வெண்ணெய்த்தாளை ஒட்டி, முகங்களின் கோட்டை மட்டும் வரைந்து எண் போட்டு வையுங்கள். பார்க்க வரும் பெரியவர்கள் எண்ணுக்கு நேரே பெயரைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களைக் கண்காட்சி முடிந்த வாரமே நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் ‘அடையாளம் தெரியாத குழு, குளச்சல்’ என்று கிடக்கும் பதிவில் பெயர்கள் ஏறுவதற்கு அதைத் தவிர வேறு வழி இல்லை.